மாதாவுக்கு அடியில் மெஷின்

சனிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக வலன்ரைன் தன் வீட்டில் ஒரு பிரகடனம் செய்தார். அந்த வீட்டில் பிரகடனம் செய்கிற அதிகாரம் அவருக்குத்தான். அதை நடைமுறைக்குக் கொண்டுவருவதா விடுவதா என்கிற அதிகாரம் மட்டும் அவருடைய மனைவி நேசத்திடம் இருந்தது.

"நேசம், இண்டைக்கும் நாளைக்கும் இந்த வீட்டில ஒருத்தரும் இந்தச் சுவிச்சைத் தொடக்கூடாது."

"எந்தச் சுவிச்சு?"

"மேசைக்குப் பின்னால இருக்கிறது."

"அதிலதானே அயன் போடுறனான்."

"அயன் பண்ண வேண்டாம்."

"கிரைண்டர்?"

"அதுவும் வேண்டாம்."

"அப்ப நாளைக்குப் பூசைக்குக் கசங்கின சீலையோடயா போறது?"

"மாதா உம்மட மனசைத்தான் பாப்பா. சீலையைப் பாக்கமாட்டா."

"மாதா பாக்கமாட்டா. மெற்றில்டா பாப்பாள்."

மெற்றில்டா பக்கத்து வீடு. கொழும்பு, கொட்டாஞ்சேனையின் அந்தச் சின்ன ஒழுங்கையில் ஒரு செய்தி எல்லா வீட்டுக்கும் போக வேண்டுமென்றால் மெற்றில்டாவிடம் "ஒருத்தருக்கும் சொல்லாதையும்" என்று சொன்னால் போதும். பத்திரிகையில் போடத் தேவையில்லை.

மேசையில் இருந்தது ஒரு பழைய கொம்பியூட்டர். படுத்த வாக்கில் ஒரு தகரப் பெட்டி, அதன் தலையில் ஒரு மொனிற்றர். அலுவலகம் கழித்துப்போட்டதை வலன்ரைன் கேட்டு வாங்கி, ஓட்டோவில் ஏற்றி, வழியில் வந்த செக்பொயின்ற் எல்லாவற்றிலும் அதன் வயிற்றைத் திறந்து காட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தார். அதில் லினக்ஸ் போட்டிருந்தார். நேசத்தைப் பொறுத்தவரை அது மேசையைப் பிடித்துக்கொண்டிருக்கிற ஒரு தகரப் பெட்டி. வலன்ரைனைப் பொறுத்தவரை அன்றைக்கு அதுதான் அவருடைய உயிர்.

அவர் வேலை பார்த்தது வெள்ளவத்தையில், சண்முகலிங்கம் என்பவருடைய சின்னக் கொம்பனியில். வங்கிகளில் "அடுத்த இலக்கம்" என்று சிவப்பு வெளிச்சத்தில் காட்டுமே, அந்தப் பலகைகளைச் செய்கிற இடம். புதிய பலகைக்குப் புதிய சிப் வரப்போகிறது. அந்தச் சிப்புக்கு விளங்குகிற பைனரிக் கோப்பாக நாங்கள் எழுதுகிற நிரலை மாற்ற வேண்டும் என்றால் தனியாக அசெம்பிளர் வேண்டும், லிங்கர் வேண்டும், செய்த கோப்பைப் பிரித்துப் பார்க்க ஒன்று, வேண்டாததைச் சீவி எறிய ஒன்று என்று ஒரு கருவிப்பெட்டியே வேண்டும். அது ஆயத்தமாகக் கிடைக்காது. மூலநிரல் மட்டும் ஒரு சீடியில் வரும். நாமே கட்டி நாமே பொருத்திக்கொள்ள வேண்டியதுதான். அம்மி கேட்டு வந்தவனுக்கு மலையைக் காட்டி, கையில் உளியையும் கொடுத்து அனுப்புவது மாதிரி.

"யாருக்கு இது ஏலும்?" என்று சண்முகலிங்கம் பொதுவாகக் கேட்டார். வலன்ரைனுடைய கை தானாக உயர்ந்தது. "திங்கட்கிழமை கொண்டுவாறன் சேர்" என்று வாயும் தானாகச் சொன்னது. திங்கட்கிழமை என்று அவரிடம் யாருமே கேட்கவில்லை.

கையும் வாயும் இப்படித் துள்ளியதற்குக் காரணம் இருந்தது. வலன்ரைனுடைய வேலை ஒப்பந்த வேலை. அந்த ஒக்ரோபர் மாதம் முடிகிறபோது ஒப்பந்தமும் முடியும், அதோடு அலுவலக அடையாள அட்டையும் முடியும். கொழும்பில், சண்டை நடந்த அந்த வருடங்களில், பிறந்த இடம் மன்னார் என்று எழுதிய தேசிய அடையாள அட்டையைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறவனுக்கு அலுவலக அட்டை வெறும் மட்டை அல்ல. "கொழும்பில் ஏன் நிற்கிறாய்?" என்று ஒவ்வொரு சந்தியிலும் கேட்கப்படுகிற கேள்விக்கு அதுதான் மறுமொழி. அந்த மறுமொழி இல்லாதவன் பொலிஸ் நிலையத்து வாங்கில் குந்தியிருந்து மறுமொழி தேட வேண்டும். வலன்ரைனுக்குப் பயமாக இருந்தது. ஒரு கிழமையாகச் சோறு இறங்கவில்லை.

இதை நேசத்திடம் சொல்லி அழலாமா என்றால், அதற்கும் வழியில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பே "என்னைப் பேர்மனன்ற் ஆக்கிட்டாங்கள்" என்று அவளிடம் மார்தட்டியிருந்தார். அவளும் ஒழுங்கை முழுவதற்கும் கேக் வெட்டிக் கொடுத்திருந்தாள். கேக் செரித்துப்போனது. பொய் மட்டும் செரிக்காமல் கிடந்தது.

"சரி, சுவிச்சைத் தொட்டா என்ன நடக்கும்?" என்று நேசம் கேட்டாள்.

உண்மையைச் சொல்வதென்றால், அந்தப் பெட்டிக்குள் இருந்த ஹாட் டிஸ்க் ஒரு கிழட்டு எருமை. சுற்றிக்கொண்டிருக்கும்வரை சுற்றும். நிற்பாட்டினால் மறுபடி எழும்புவதும் எழும்பாததும் அதன் இஷ்டம். போன மாதம் ஒருமுறை படுத்துவிட்டு, மூன்று நாள் என்ன செய்தும் எழும்ப மறுத்தது. திங்கட்கிழமைக்கு முன் அப்படிப் படுத்தால் வலன்ரைனும் கூடவே படுக்க வேண்டியதுதான். ஆனால் இதைச் சொன்னால், "எழும்பாட்டி என்ன, உங்கட விளையாட்டுத்தானே" என்பாள். விளையாட்டு இல்லை என்றால் வேலை. வேலை என்றால் ஒப்பந்தம். ஒப்பந்தம் என்றால் கேக். ஆகவே வலன்ரைன் குறுக்கு வழியால் போனார்.

"தொட்டா வெடிச்சிடும்."

"வெடிக்குமா?"

"இடையில நிப்பாட்டினா உள்ளுக்குக் கரண்ட் தேங்கி நிக்கும். அது வெளியில வர வழி தேடும்."

நேசம் பெட்டியைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். இரண்டையும் ஒரே மாதிரித்தான் பார்த்தாள்.

"ஓ" என்றாள். "அப்ப மாதாவை எங்க வைக்கிறது?"

வலன்ரைன் அதை மறந்தே போயிருந்தார். செபமாலை மாதம். மாதா சுரூபம் ஒரு நாளைக்கு ஒரு வீடாக ஒழுங்கையைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. இன்றைக்கு அவர்களுடைய முறை. பின்னேரம் அயல் முழுவதும் வீட்டுக்கு வரும், செபமாலை சொல்லும், கோப்பி குடிக்கும். வீட்டுத் தலைவர் முன்னால் முழங்காலில் நின்று தொடங்கி வைக்க வேண்டும். வலன்ரைன் கல்யாணம் கட்டிய நாளிலிருந்து ஒரு முறையும் நின்றதில்லை. ஒரு வருடம் ஓவர்டைம். ஒரு வருடம் பல்லுக்கொதி. போன வருடம் தெஹிவளையில் நோயில்லாத ஒரு நோயாளியைப் பார்க்கப் போனார். ஒவ்வொரு முறையும் நேசம் தனியாக முன்னால் நின்றாள். "அண்ணை எங்க அக்கா?" என்று பெண்கள் கேட்கும்போது "வேலை" என்றாள். அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவள் எவ்வளவு வெட்கப்பட்டாள் என்பது வலன்ரைனுக்குத் தெரியும். தெரியாதது போல இருப்பதில் அவருக்கு நல்ல பயிற்சி.

"இந்த முறை விடுவம் நேசம். மாதா அடுத்த வீட்டுக்குப் போகட்டும்."

"அடுத்த வீடு மெற்றில்டா."

"போகட்டுமே."

"வலன்ரைன் வீட்டில மாதாவுக்கு இடமில்லையாம் எண்டு நாளைக்குப் பூசையில கதைப்பாள்."

"மேசை வேணுமே. நான் என்ன செய்ய?"

நேசம் கொஞ்ச நேரம் யோசித்தாள். அவள் யோசித்தால் வலன்ரைனுக்கு வேர்க்கும்.

"பெட்டியை அசைக்கக்கூடாது. அவ்வளவுதானே?"

"ஓம்."

"மொனிற்றரை?"

"அதை அசைக்கலாம்" என்று சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்று நாக்கைக் கடித்தார்.

"அப்ப மொனிற்றர் கீழ ஸ்ரூலில. பெட்டிக்கு மேல பலகை. பலகைக்கு மேல வெள்ளைத் துணி. துணிக்கு மேல மாதா."

"ஐயோ, அது சூடாகும்."

"துணியைப் பின்பக்கம் திறந்து விடுறன்."

"மெழுகுதிரி உருகி உள்ளுக்குப் போனா?"

"பக்கத்தில வைக்கிறன்."

"சனம் வந்து முட்டினா? யாராவது வயரில தட்டுப்பட்டா?"

"அப்ப நீங்கள் பக்கத்தில முழங்காலில நிண்டு பாத்துக்கொள்ளுங்கோ" என்றாள் நேசம். கறிக்கு உப்புப் போடுங்கோ என்று சொல்கிற மாதிரிச் சாதாரணமாகத்தான் சொன்னாள். வலன்ரைனும் சாதாரணமாகத் தலையை ஆட்டிவிட்டார்.

பிறகு வேலையைத் தொடங்கினார். மூலநிரலை அவிழ்த்து, "கொன்ஃபிகர்" என்று தட்டினார். திரையில் மெஷின் தன்னைத்தானே விசாரிக்கத் தொடங்கியது. இது இருக்கிறதா என்று பார்க்கிறேன், இருக்கிறது. அது இருக்கிறதா என்று பார்க்கிறேன், இல்லை. செக்கிங், செக்கிங், செக்கிங். கொழும்பில் குடியிருக்கிற தமிழனுக்கு இந்த விசாரணை புதிதில்லை. ஆனாலும் ஒவ்வொரு "இல்லை"க்கும் வலன்ரைன் சட்டைப்பையில் இருந்த அட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கடைசியில் ஒரு "இல்லை"யில் மெஷின் நின்றுவிட்டது. ஏதோ ஒரு துணை நிரல் இல்லையாம், இல்லாமல் ஒரு அடி நகராதாம். அதைச் சீடியில் தேடிப் பிடித்து, முதலில் அதைக் கட்டி, பிறகு திரும்பவும் விசாரணையை முதலிலிருந்து தொடங்கினார். அதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

இந்த முறை பாஸாகியது. "மேக்" என்று தட்டினார். வெள்ளை எழுத்துகள் வரிவரியாக மேலே ஏறத் தொடங்கின. நினைவகம் போதாத பழைய மெஷின் ஒவ்வொரு கோப்புக்கும் டிஸ்க்கைப் போட்டுச் சுரண்டியது. கரகர. கரகர. தேங்காய் துருவுகிற சத்தம் மாதிரி இருந்தது. அந்தச் சத்தம் கேட்கும்வரை வலன்ரைனுக்கு மூச்சு வந்தது. அது ஒரு கணம் நின்றால் மூச்சும் நின்றது. நேசம் அவரைச் சுற்றிக் கூட்டினாள், துடைத்தாள், பலகை வைத்தாள், துணி விரித்தாள். துணி நிலம்வரை தொங்கியது. மேசையில் பெட்டி, கீழே ஸ்ரூலில் மொனிற்றர், இரண்டும் மறைந்துபோயின. வெளியில் நின்று பார்த்தால் லட்சணமான ஒரு பீடம். உள்ளே மட்டும் யாரோ தேங்காய் துருவினார்கள்.

பின்னேரம் மாதா வந்தார். மெழுகுதிரிகளும் பாட்டுமாக ஒழுங்கையே பின்னால் வந்தது. பூ வைத்தார்கள், மாலை போட்டார்கள். எல்லோரும் உள்ளே வந்தார்கள். வந்து நின்றதில் ஒரு விசேஷம். பீடத்துக்கு முன்னால் பாதி அறை காலியாகக் கிடந்தது. சனம் முழுவதும் வாசல் பக்கம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. நேசம் காலையில் மெற்றில்டாவிடம், "பீடத்தில முட்டிப்போடாதையும், உள்ளுக்கு மெஷின் ஓடுது, நிப்பாட்டினா வெடிக்குமாம், ஒருத்தருக்கும் சொல்லாதையும்" என்று சொல்லியிருந்தாள். சொன்னால் போதும்தானே.

அந்த வெறும் நிலத்தில் வலன்ரைன் மட்டும் தன்னந்தனியாகப் பீடத்தோடு ஒட்டி முழங்காலில் நின்றார். வேறு வழியில்லை. டிஸ்க் சத்தம் கேட்கிற தூரத்தில் அவர் இருந்தாக வேண்டும். ஒவ்வொரு காரணிக்கமும், அதாவது பத்து அருள்நிறைந்த மந்திரம், முடிகிறபோது மெல்லக் குனிந்து, பீடத் துணியின் நுனியை உயர்த்தி, முகத்தை உள்ளே விட்டு, திரையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். எழுத்து ஏறினால் கண்ணை மூடிக்கொண்டார். எழுத்து நின்றிருந்தால் நெஞ்சில் கை வைத்தார்.

பின்னால் பெண்களுக்குள் கிசுகிசு எழும்பியது.

"பாருங்கோடி, மாதாவின்ர துணியை முத்தமிடுறார்."

"ஒவ்வொரு காரணிக்கத்துக்கும் முத்தமிடுறார்."

"இந்த மனுசனையா நாங்கள் கோயில் பக்கம் வராதவர் எண்டு சொன்னனாங்கள்?"

நேசம் திரும்பவில்லை. செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள்.

செபமாலை முடிந்து மாதா பிரார்த்தனை தொடங்கப்போகிற நேரம். ஒழுங்கையில் பூட்ஸ் சத்தம். நாய்கள் குலைத்தன. யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. ஆண்களுடைய கைகள் சட்டைப்பைக்கும் பெண்களுடைய கைகள் கைப்பைக்கும் போயின. வீடு வீடாகச் சோதனை. அந்த வருடங்களில் மழை மாதிரி அது வரும், போகும். வருகிற நேரத்தில் யாருடைய கூரை ஒழுகுகிறது என்பதுதான் கேள்வி.

முன்னால் வந்த பொலிஸ் அதிகாரி மாதாவைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். இரண்டு ஆமிக்காரர் வாசலில் நின்றார்கள். அதிகாரி அட்டைகளைப் பார்த்தார். வலன்ரைனுடைய அலுவலக அட்டையையும் பார்த்தார். முடிகிற திகதியில் அவருடைய கண் ஒரு கணம் நின்றது. பிறகு நகர்ந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது. திரும்பிப் போக ஒரு கால் எடுத்து வைத்தார்.

சனம் மூச்சுக்காட்டாமல் நின்ற அந்த அமைதியில் மாதாவுக்கு அடியிலிருந்து, கரகர, கரகர.

"மொக்கக்த மே சத்தே?" என்றார் அதிகாரி. என்ன இந்தச் சத்தம்?

அதிகாரியே வந்து துணியை உயர்த்தினார். இருட்டுக்குள் ஒரு திரை. திரையில் யாருமே தொடாமல் எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன.

"யார் இதை ஓட்டுறது?" பேச்செல்லாம் சிங்களத்தில்.

"தானா ஓடுது சேர்."

"தானாவா? என்ன செய்யுது?"

"டூல்ஸ் செய்யுது சேர்."

"என்ன டூல்ஸ்?"

"வேற ஒரு மெஷினுக்கு."

"எங்க இருக்கு அந்த மெஷின்?"

"இன்னும் வரேல்ல சேர். வெளிநாட்டில இருந்து வரும்."

ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. ஒவ்வொரு உண்மையும் அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பொலிஸ் வாங்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது. வாசலில் நின்ற ஆமிக்காரர் ஒரு அடி உள்ளே வந்தார்கள்.

"ஓஃப் கரண்ட", நிற்பாட்டு என்று சொல்லிக்கொண்டே அதிகாரி தானே சுவிச்சுக்குக் கையை நீட்டினார்.

அப்போதுதான் பின்னாலிருந்து மெற்றில்டா, நல்ல மனதோடு, உதவி செய்கிற அவசரத்தில், நல்ல சிங்களத்தில் கத்தினாள்.

"ஓஃப் கரண்ட எபா சேர், ஓஃப் கெருவொத் புப்புரனவா."

நிற்பாட்ட வேண்டாம், நிற்பாட்டினால் வெடிக்கும் என்றாள்.

கொழும்பில் அந்த நாட்களில் ஒரு தமிழ் வீட்டுக்குள் எந்தச் சொல்லை வேண்டுமானாலும் சொல்லலாம். அந்த ஒரு சொல்லைச் சொல்லக்கூடாது. அதிகாரியின் கை அந்தரத்தில் நின்றது. ஆமிக்காரர்களுடைய துப்பாக்கிகள் இடுப்பிலிருந்து நெஞ்சுக்கு ஏறின. சனம் சுவரோடு சுவராக ஒட்டியது. வலன்ரைனுக்குக் காதுக்குள் கடல் இரைந்தது. திங்கட்கிழமையும் போயிற்று, அட்டையும் போயிற்று, இனி ஆளே போய்விடுவோம் என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. முழங்காலில் நின்றது நல்லதாகப் போயிற்று. விழுவதற்கு அதிக தூரம் இல்லை.

நேசம் எழும்பினாள். கையில் செபமாலை அப்படியே இருந்தது.

"சேர், அது வெடிக்காது" என்றாள். அவளுடைய சிங்களம் சந்தையில் மீன் வாங்கிப் பழகிய சிங்களம். நடுங்கத் தெரியாது. "அது என்ர மனுசன் எனக்குச் சொன்ன பொய். நான் அயன் பண்ணச் சுவிச்சைக் கழட்டுவன் எண்ட பயத்தில சொன்னவர். நான் அதை இவவுக்குச் சொன்னனான். உண்மையா வெடிக்கும் எண்டா, நான் அதுக்கு மேல மாதாவைத் தூக்கி வைப்பனா சேர்?"

அதிகாரி மாதாவைப் பார்த்தார். அந்த நியாயம் அவருக்குப் பிடிபட்டது. வலன்ரைன் பக்கம் திரும்பினார்.

"பொய்யா?"

"ஓம் சேர்."

"மனிசிக்கு ஏன் பொய் சொன்னாய்?"

எந்தச் செக்பொயின்ற்றிலும் வலன்ரைன் இந்தக் கேள்வியைச் சந்தித்ததில்லை. இதற்குக் காட்ட அவரிடம் எந்த அட்டையும் இல்லை. ஒழுங்கை முழுவதும் மறுமொழிக்காகக் காத்திருந்தது.

"சரி. பொய் எண்டா நிப்பாட்டிக் காட்டு."

நியாயமான கட்டளைதான். வலன்ரைனுடைய கை அசைய மறுத்தது. நிற்பாட்டினால் டிஸ்க் படுத்துவிடும். நிற்பாட்டாமல் நின்றால், இவர்கள் தன்னைக் கொண்டுபோய்விடுவார்கள். அவர் தயங்குவதை அதிகாரி பார்த்துக்கொண்டிருந்தார். அது இன்னும் கூடாத விஷயம் என்று வலன்ரைனுக்குத் தெரிந்தது.

நேசம் அவரைத் தாண்டிப் போய், செபமாலை பிடித்த கையாலேயே சுவிச்சை அமத்தினாள்.

டிக்.

உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது மெல்ல மெல்லத் தணிந்து, ஒரு பெருமூச்சோடு நின்றது. எதுவும் வெடிக்கவில்லை. நேசம் கை நீட்டியதும் கதவுக்குப் பின்னால் ஒதுங்கியிருந்த அதிகாரி வெளியில் வந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார். சிரிப்பை அடக்கினார் போல இருந்தது.

"இனிமேல் மனிசிக்குப் பொய் சொல்லாதே" என்றார். "சொல்லத்தான் வேணும் எண்டா, வேற பொய் சொல்லு."

பூட்ஸ் சத்தம் அடுத்த வீட்டுக்குப் போனது. யாரோ அழுதார்கள், யாரோ தண்ணீர் கேட்டார்கள். நேசம் ஒன்றும் நடக்காத மாதிரி மாதா பிரார்த்தனையைத் தொடங்கினாள். வலன்ரைனால் உடனே சுவிச்சைப் போட முடியவில்லை. போட்டு, எழும்பாவிட்டால்? அதை அறிகிற தைரியம் அவருக்கு இல்லை. இரண்டு கைகளையும் விரித்தார். பிரார்த்தனையின் ஒவ்வொரு வரிக்கும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று அவருடைய குரல்தான் கூரையில் இடித்தது. மற்றவர்கள் ஆத்துமாவுக்காக வேண்டினார்கள். அவர் டிஸ்க்குக்காக வேண்டினார். ஆனால் உண்மையாகவே வேண்டினார், கண்ணீர் கழுத்துவரை வந்தது. ஒரு கட்டத்தில், தன் குரல் வெளியில் கேட்கிறது என்பதையே மறந்து, "மாதாவே, இந்த ஒருமுறை மட்டும் எழுப்பிவிடும், ஒழுங்கையில மிச்சம் உள்ள அத்தனை வீட்டுக்கும் நான் உம்மோட வந்து முழங்காலில நிக்கிறன்" என்றார். எதை எழுப்ப என்று யாருக்கும் விளங்கவில்லை. எல்லோரும் அழுதார்கள்.

சனம் கோப்பி குடித்துவிட்டுக் கலைந்த பிறகு சுவிச்சைப் போட்டார். பெட்டி சும்மா இருந்தது. வலன்ரைன் கண்ணை இறுக்கி மூடினார். உள்ளே ஏதோ முனகியது. பிறகு இன்னும் கொஞ்சம் முனகியது. பிறகு கிழட்டு எருமை எழும்பிச் சுற்றத் தொடங்கியது. மெஷின் தன் காயங்களை எண்ணிச் சரிபார்த்து முடித்தது. வலன்ரைன் மறுபடி "மேக்" என்று தட்டினார். கட்டி முடித்த கோப்புகளையெல்லாம் விட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்தே அது தொடர்ந்தது.

நேசம் கோப்பி கொண்டுவந்து வைத்தாள். அவருடைய சிவந்த கண்ணைப் பார்த்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வேலிப்பக்கம் மெற்றில்டா கூப்பிட்டாள். நேசம் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மெஷின் கட்டி முடித்தது. "மேக் இன்ஸ்ரோல்" என்று தட்ட, அசெம்பிளரும் லிங்கரும் மற்ற எல்லாமும் தங்கள் தங்கள் இடங்களில் போய் அமர்ந்தன. பரிசோதனைக்கு ஒரு சின்ன நிரலை எழுதிக் கொடுத்தார். புதிய சிப்புக்கான பைனரிக் கோப்பு ஒன்று குழந்தை மாதிரி வந்து விழுந்தது. பூசையிலும் அவருக்குப் புதிய மரியாதை. சுவாமி அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். மிச்சமுள்ள வீடுகளில் செபமாலையை அவரே முன்நின்று நடத்துவதாக மெற்றில்டா எல்லோருக்கும் சொல்லி முடித்திருந்தாள். நேர்த்தி வைத்தது வைத்ததுதானே. வலன்ரைன் அதைக்கூடச் சந்தோஷமாகவே ஏற்றுக்கொண்டார். வேலை தப்பியது, அட்டை தப்பியது, அதற்கு முழங்கால் பெரிய விலையில்லை.

திங்கட்கிழமை, மறுபடி எழுப்புகிற வேலையை மாதாவின் பொறுப்பில் விட்டு, ஹாட் டிஸ்க்கை ஒரு துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வெள்ளவத்தைக்குப் போனார். சண்முகலிங்கத்தின் மேசையில் அதைக் குழந்தையைக் கிடத்துகிற மாதிரிக் கிடத்தினார்.

"முடிச்சிட்டன் சேர்."

சண்முகலிங்கம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். "ஐசே, என்ன இது கோலம்? நித்திரை கொள்ளேல்லையோ? இதுக்கு இப்ப என்ன அவசரம்? சிப் வர அடுத்த மாசம் ஆகும்."

"திங்கட்கிழமை எண்டு சொன்னனான் சேர்."

"நீர் சொன்னனீர். நான் கேட்டனானோ? ஆறுதலாச் செய்யட்டும் எண்டு உம்மட மிஸிஸிட்ட வியாழக்கிழமையே சொன்னனானே."

"நேசத்திட்டயா?"

"ஓம். எனக்குப் போன் எடுத்தவ. 'சேர், இவர் சாப்பிடுறாரில்லை, கார்ட் முடியப்போகுது எண்டு பயப்பிடுறார் போல' எண்டு சொன்னவ. நான் சொன்னன், கார்ட் புதுப்பிச்சு வந்திட்டுது, இந்த முறை பேர்மனன்ற் லெற்றரும் ரைப் பண்ணியாச்சு, யோசிக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ எண்டு." மேசை லாச்சியைத் திறந்து புதிய அட்டையை எடுத்து நீட்டினார். "ஏன், அவ சொல்லேல்லையோ?"

வலன்ரைன் வீட்டுக்கு வந்தபோது நேசம் அயன் பண்ணிக்கொண்டிருந்தாள். மேசைக்குப் பின்னால் இருந்த சுவிச்சில்தான். அவருடைய வெள்ளைச் சேட்டு ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. பின்னேரம் மாதா மெற்றில்டா வீட்டுக்கு அடுத்த வீட்டில்.

"வியாழக்கிழமையே உமக்குத் தெரியுமா?"

"ஓம்."

"கார்ட் வந்ததும்?"

"ஓம்."

"ரெண்டு வருசமா நான் பேர்மனன்ற் இல்லை எண்டதும்?"

"அது கேக் வெட்டின அண்டைக்கே தெரியும்."

வலன்ரைன் கதிரையில் இருந்தார். முழங்கால் இரண்டும் நொந்தன.

"நேசம், சனிக்கிழமை முழுக்க நான் செத்துச் செத்துப் பிழைச்சனான். பொலிஸுக்கு முன்னால என்ர குலை நடுங்கினது. நாளைக்கு என்ன ஆகுமோ எண்டு நான் உருகினதை எல்லாம் பாத்துக்கொண்டுதானே நிண்டனீர்? ஒரு சொல்லுச் சொல்லியிருக்கக்கூடாதா?"

நேசம் சேட்டின் கொலரைத் திருப்பிப் போட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்து அழுத்தித் தேய்த்தாள்.

"சொல்லியிருந்தா, நீங்கள் முழங்காலில நிண்டிருப்பீங்களா?"